வரலாற்று நூல் சேகரிப்பு: அலமாரியை ஒழுங்கு செய்வது முதல் சக வாசகரைக் கண்டுபிடிப்பது வரை

ஒரே புத்தகத்தை நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். பிரிட்டனில் ஒரு தலைப்பிலும் அமெரிக்காவில் வேறு தலைப்பிலும் வெளிவந்த நூல் அது. அட்டை வேறு, பக்க எண் வேறு. இரண்டாவதில் நாற்பது பக்கம் போன பிறகுதான் ‘இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே’ என்று உறைத்தது. வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காததற்குக் கட்டிய தண்டம்.

நாவலைப் படித்து மூடிவிட்டால் கதை முடிந்தது. வரலாற்று நூலை மூடும்போதுதான் வேலை தொடங்குகிறது. இவர் யாரை மறுத்து எழுதினார், எந்தச் சான்றை நம்பினார், எதைத் தொடாமல் விட்டார் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி அடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். வாசக நண்பர்கள் வருவதும் அதே கேள்வியின் வழியாகத்தான். ‘எனக்கு வரலாறு பிடிக்கும்’ என்பவர்கள் ஏராளம். அவர்களோடு பேச்சு பத்து நிமிடத்தில் வற்றிவிடும். நீங்கள் தேடுகிற அதே விஷயத்தைத் தேடும் ஒருவர் கிடைத்தால் பத்து வருடம் பேசலாம். கீழே சொல்லும் எல்லாமே இதை நம்பித்தான்.

முதல் வேலை: கீழே இறக்குங்கள்

அலமாரியில் இருந்தபடியே பட்டியல் எடுக்க முயல வேண்டாம். பின்வரிசையில் ஒளிந்திருப்பது ஒளிந்தே இருக்கும். ஒவ்வொரு தட்டாகத் தரையில் இறக்கி, துடைத்து, திறந்து பார்த்து எழுதுங்கள். நோட்டுப் புத்தகமோ கணினி விரிதாளோ, கைக்கு வசதியானது எதுவோ அது. இருநூறைத் தாண்டினால் விரிதாள்தான் சரி. வரிசையை மாற்றி மாற்றித் தேடலாம்.

தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம் ஆகியவற்றை எல்லோரும் எழுதுவார்கள். வரலாற்று நூலுக்கு ஆண்டு இரண்டு வேண்டும்: நூல் முதன்முதலில் வந்த ஆண்டு, உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு. அட்டையில் பளபளப்பாக இருக்கும் நூல் அறுபது வருடத்துக்கு முந்தைய ஆய்வின் மறுஅச்சாக இருக்கலாம். இதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய கருஞ்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிளேக்தானா, வேறு நோயா என்று 2000களின் தொடக்கம் வரைகூட சிலர் ஆணித்தரமாகச் சந்தேகித்தார்கள். 2011இல் லண்டனில் ஒரு பழைய பிளேக் புதைகுழியின் எலும்புக்கூடுகளிலிருந்து அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியையே மீட்டெடுத்தார்கள். அதற்கு முன் வந்த நூலையும் பின் வந்த நூலையும் ஒரே கண்ணால் படிக்க முடியாது. ஆண்டைப் பார்க்காமல் படித்தால் தீர்ந்துபோன சண்டைக்கு நாம் மட்டும் கத்தி தீட்டிக்கொண்டிருப்போம்.

ஐ.எஸ்.பி.என். எண் (நூலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரும் பன்னாட்டு அடையாள எண்) இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 2007 ஜனவரிக்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம், அதன் பிறகு 13. 1970க்கு முந்தைய நூலில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மறுபதிப்பாக வந்திருந்தால் ஒழிய இருக்காது. அப்புறம் ‘எதற்காக வாங்கினேன்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் அடுத்த வேலைக்கு அதுதான் ஆதாரம். ‘யாருக்கு’ என்று கடைசியாக ஒரு கட்டம் போட்டுக் காலியாக விட்டுவிடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது: கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

‘எதற்காக வாங்கினேன்’ கட்டத்தை மேலிருந்து கீழே ஒரு முறை படியுங்கள். ‘தள்ளுபடியில் கிடைத்தது’, ‘அட்டை அழகு’ என்பவை கணிசமாக இருக்கும். என் பட்டியலிலும் இருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மீதி நூல்கள் இரண்டு மூன்று இடங்களில் குவிந்திருப்பது தெரியும். என் குவியல், ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய இந்தியப் பெருங்கடல் வணிகம். நானாகத் தேர்ந்தெடுத்ததில்லை, தன்னால் சேர்ந்திருந்தது.

அந்தக் குவியலை ஒரு கேள்வியாக எழுதுங்கள். ‘கடல் வணிகம்’ என்பது தலைப்பு. ‘பருவக்காற்றை நம்பிய ஒரு கப்பலுக்கு முன்பணம் போட்டவர் யார், கப்பல் மூழ்கினால் நஷ்டம் யாருக்கு?’ என்பது கேள்வி. கேள்வி இருந்தால் எந்த நூல் வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் மூன்று கேள்விகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது: எதிரெதிர் நூல்களைச் சேருங்கள்

ஒரு கேள்விக்கு மூன்று வகை நூல்கள் வேண்டும். அந்தக் காலத்துச் சான்றுகளின் பதிப்புகள், அவற்றை வைத்து எழுதிய ஆய்வுகள், கூடவே நிலப்படத் தொகுதி, காலவரிசை, கலைச்சொல் அகராதி போன்ற கைக்கருவிகள். கைக்கருவியில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல வரலாற்று நிலப்படத் தொகுதி ஒன்று பத்து நூல்களைப் புரியவைக்கும்.

ஆய்வுகளில் ஒன்றை ஒன்று மறுக்கும் நூல்கள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். முதல் உலகப் போர் யாரால் மூண்டது என்ற கேள்விக்கு 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர், தன் நாட்டின் ஆவணக் காப்பகங்களைக் குடைந்து, பொறுப்பின் பெரும்பங்கு ஜெர்மனிக்கே என்று எழுதினார். ஜெர்மனியே கொந்தளித்தது. 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க், ஒரே குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிட்டு, பல தலைநகரங்களில் எடுத்த முடிவுகள் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்று காட்டினார். ஒருவரை மட்டும் படித்தவர் தீர்ப்பைத் தெரிந்துகொள்வார். இருவரையும் படித்தவருக்கு வழக்கே தெரியும். நண்பரோடு பேசுவதற்கும் வழக்குதான் தேவை.

சான்றுகளின் பதிப்புகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். செங்கடலிலிருந்து இந்தியா வரையிலான துறைமுகங்களைச் சொல்லும் பெரிப்ளஸ், கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு வணிகர் கிரேக்கத்தில் எழுதியது. ஆங்கிலத்தில் வில்ஃப்ரட் ஷாஃப் 1912இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். லயனல் காசனின் பதிப்பு 1989இல் வந்தது. பழையது போதாதா? முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிவந்த ஹெர்மபோலன் என்ற கப்பலைப் பற்றிய பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் சரக்கின் மதிப்பு. என் கேள்விக்கு நேர் சான்று. அது அச்சில் வந்ததே 1985இல்தான். 1912ஆம் ஆண்டுக் குறிப்புரையில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனாலும் ஷாஃபை நான் தூக்கிப்போடவில்லை. அந்தத் தலைமுறை எதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதும் வரலாறுதானே.

வாங்கும் முன்: பின்பக்கத்திலிருந்து

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முன்னுரையைப் படிக்காதீர்கள். முன்னுரையில் எல்லா நூலும் நல்ல நூல்தான். பின்னாலிருந்து வாருங்கள். சொல்லடைவு (இன்டெக்ஸ்) இருக்கிறதா? துணைநூற்பட்டியலில் மிகப் புதிய நூல் எந்த ஆண்டினது? அடிக்குறிப்புகள் மூல ஆவணங்களைச் சுட்டுகின்றனவா, மற்ற நூல்களை மட்டுமா? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்றைச் சொல்லடைவில் தேடி, அந்தப் பக்கத்தைப் படியுங்கள். தெரிந்த இடத்தில் தடுமாறுபவரைத் தெரியாத இடத்தில் நம்ப முடியாது.

பதிப்புரிமை முடிந்த பழைய நூல்களை நகலெடுத்து, கேட்டபோது அச்சடித்துத் தரும் மலிவுப் பதிப்புகள் நிறைய வருகின்றன. அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். மூல நூலில் மடித்து வைத்திருந்த பெரிய நிலப்படத்தை விரிக்காமலே படமெடுத்திருந்தார்கள். அந்தக் கப்பல் வழி நூலில் கடலில் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. இணைய ஆவணக் காப்பகத்தில் (Internet Archive) அந்த நூலின் மின்வடிவம் இருந்தால் முதலில் அதைப் புரட்டிவிட்டு முடிவெடுங்கள். பல நேரம் வாங்கவே தேவையிருக்காது.

பழைய புத்தகமா? முகர்ந்து பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் எவ்வளவு அரிதானாலும் கீழே வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் பக்கத்து நூல்களுக்கும் பரவும்.

அடுக்குவது

நூலகத்தைப் பார்த்து அப்படியே வீட்டில் அடுக்க முயல்வது பலருக்கு வரும் ஆசை. 1876இல் வெளியான டியூயி தசமப் பகுப்பில் வரலாற்றுக்கு 900 வரிசை: 930 பண்டைய உலகம், 940 ஐரோப்பா, 950 ஆசியா, 960 ஆப்பிரிக்கா என்று போகும். இதில் பொருளாதார வரலாறு 330க்கும், அறிவியல் வரலாறு 509க்கும் ஓடிவிடும். என் கப்பல்காரரும் அவருக்குக் கடன் கொடுத்தவரும் வேறு வேறு அறையில்!

ஆயிரக்கணக்கானவர் தேடிவரும் இடத்துக்கு அது தேவை. வீட்டுக்கு இந்திய நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் யோசனை இன்னும் உதவும். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு, ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. இடமும் காலமும் அவற்றில் இரண்டு. முழு முறையும் நமக்கு வேண்டாம். கேள்விக்கு ஒரு தட்டு. தட்டுக்குள் நூல் எழுதப்பட்ட ஆண்டை விட்டுவிட்டு, அது பேசும் காலப்படி இடமிருந்து வலம். சான்றுப் பதிப்புக்குப் பக்கத்திலேயே அதை ஆராயும் நூல், அதற்குப் பக்கத்தில் அதை மறுக்கும் நூல். எந்தக் கேள்விக்கும் சேராதவை தனித் தட்டில் இருக்கட்டும். ஒரு வருடம் கழித்தும் அங்கேயே தூங்கினால் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

தாள், ஈரம், பூச்சி

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் தாள் செய்யத் தொடங்கினார்கள். அதில் சேர்த்த படிகாரமும் பிசினும் நாளாக ஆக அமிலமாகித் தாளை நொறுக்குகின்றன. அதனால்தான் 1900ஆம் ஆண்டு நூல் 1700ஆம் ஆண்டு நூலைவிட முன்னதாகப் பொடியாகிறது. செய்தித்தாள் துண்டை உள்ளே வைக்காதீர்கள். அதன் அமிலம் அந்தப் பக்கத்தில் பழுப்பு நிழலாக இறங்கும். கிழிசலுக்கு ஒட்டு நாடாவும் கூடாது.

காற்றின் ஈரப்பதம் 35 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரியைப் போடாமல், பின்னால் காற்றோட இடம் விடுங்கள். நேர் வெயில் நூலின் முதுகை வெளுக்கவைக்கும். இராமபாணப் பூச்சி அரித்த நூல் வந்தால், காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரி அளவில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளில் நீர் வேர்க்கும்.

நூலை எடுக்கும்போது முதுகின் தலைப்பகுதியில் விரலை மாட்டி இழுக்காமல், இருபக்கத்து நூல்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுங்கள்.

பென்சில்

பேனா வேண்டாம், மார்க்கர் வேண்டவே வேண்டாம். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். கடைசி வெற்றுப் பக்கத்தில் உங்களுக்கான சொல்லடைவு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: ‘கடன் வட்டி – 87, 142’, ‘இவர் ஆதாரம் காட்டவில்லை – 203’. நூலாசிரியர் போட்ட சொல்லடைவு அவருடைய கேள்விக்கு, இது உங்களுடையதற்கு. மேற்கோளையும் பக்க எண்ணையும் கணினியில் சேர்க்க ஜொடேரோ என்ற இலவச மென்பொருள் போதும்.

சக வாசகர் எங்கே இருக்கிறார்?

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். உங்களிடம் பட்டியல் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, பென்சில் குறிப்பு இருக்கிறது. வெறும் ஆர்வத்தோடு போகிறவரைவிட நீங்கள் எங்கோ முன்னால் நிற்கிறீர்கள்.

பொது நூலகத்தில் அந்தத் தட்டின் முன் அடிக்கடி நிற்பவரைக் கவனியுங்கள். நூலகரிடம் உங்கள் கேள்வியைச் சொல்லி வையுங்கள். ‘இன்னொருவரும் இதையே எடுத்துப் போகிறார்’ என்ற செய்தி ஒரு நாள் வரும். சொற்பொழிவுக்குப் போனால் முடிவில் மேடையை நோக்கி முண்டியடிப்பதைவிட, கேள்வி நேரத்தில் நல்ல கேள்வி கேட்டவரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். என் நெருங்கிய வாசக நண்பர்கள் இருவர் அப்படிக் கிடைத்தவர்கள்தான். 2005இல் தொடங்கிய லைப்ரரிதிங் தளத்தில் பட்டியலை ஏற்றினால் உங்களுடைய அதே நூல்களை வைத்திருப்பவர்கள் யார் என்று காட்டும். எல்லோரிடமும் இருக்கும் நூலை விட்டுவிட்டு, அபூர்வமான நூல் ஒத்துப்போகிறவரைப் பாருங்கள்.

ஆய்வாளருக்கும் எழுதலாம். ‘உங்கள் ரசிகன்’ என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதாமல், ‘142ஆம் பக்கத்தில் வட்டி விகிதத்துக்கு நீங்கள் காட்டும் ஆவணம் வேறு எங்காவது பதிப்பாகியிருக்கிறதா?’ என்று நான்கு வரி எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், துரத்த வேண்டாம்.

சிறிய குழு

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மாதம் ஒரு நூல் என்று வைத்தால் மூன்றாம் மாதமே பாதிப் பேர் படிக்காமல் வந்து நெளிவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு எதிரெதிர் நிலையில் இரண்டு நூல், ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைப் படித்தால் போதும் என்று வைத்துப் பாருங்கள். படித்தவர் படிக்காதவருக்கு விளக்கியே ஆகவேண்டும். பேச்சு தானாக நடக்கும்.

ஒவ்வொரு முறையும் ஒருவர் இரண்டு பக்க மூலச் சான்று ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வரட்டும். கடிதம், கல்வெட்டின் பாடம், வரிக்கணக்கு, நீதிமன்ற வாக்குமூலம் என எதுவானாலும் சரி. முதல் பத்து நிமிடம் எல்லோரும் மௌனமாக அதைப் படித்துவிட்டுப் பேச ஆரம்பித்தால், வாட்ஸ்அப்பில் வந்த வரலாறு அறைக்குள் நுழையாது.

சண்டை வரும். வரலாறு என்றாலே யாருடைய பாட்டனோ அதில் இருப்பார். எங்கள் குழு ஒரு முறை அப்படி உடைந்தே போனது. ஒரு மன்னனைப் பற்றிய விவாதம் மொழியைப் பற்றியதாகி, கடைசியில் வந்திருந்தவர்களைப் பற்றியதாக முடிந்தது. மறுபடி கூடியபோது இரண்டு விதிகள் வைத்தோம். சொல்வதற்குப் பக்க எண் வேண்டும். குரல் உயர்ந்தால் யாராவது ஒருவர், ‘எந்தச் சான்று கிடைத்தால் நீங்கள் மனம் மாறுவீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘எதுவும் மாற்றாது’ என்று பதில் வந்தால் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம்.

இரவல்

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு தேவாலய நூலகத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருப்பார்கள். இரவல் கொடுத்து நொந்த யாருக்கும் அது நியாயமாகவே படும். இன்னொரு பக்கம் 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ழான் குரோலியே, தன் அழகிய பைண்டிங்குகளில் ‘குரோலியேவுக்கும் அவர் நண்பர்களுக்கும் உரியது’ என்று லத்தீனில் பொறித்து வைத்தார். நம் இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1727இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஜுன்டோ என்ற விவாதக் குழுவில், எல்லோருடைய நூல்களையும் ஓர் அறையில் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சரியாகப் பேணுவாரில்லை. ஏறக்குறைய ஓராண்டில் அவரவர் நூலை அவரவர் எடுத்துப் போய்விட்டார்கள். 1731இல் சந்தாப் பணம் போட்டுப் பொதுவில் நூல் வாங்கும் நூலகமாக அதையே மாற்றி அமைத்தபோது நிலைத்தது. குழுவில் எல்லோருக்கும் தேவையான விலையுயர்ந்த நிலப்படத் தொகுதி, அகராதி போன்றவற்றைக் கூட்டாக வாங்குங்கள். சொந்த நூல்களை ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம்.

தனிப்பட்ட இரவலுக்கு என் வழக்கம்: வாங்குபவர் நூலைக் கையில் பிடித்திருக்க ஒரு புகைப்படம், விரிதாளில் தேதி, இரண்டு மாதத்தில் கூச்சமில்லாமல் ஒரு நினைவூட்டல். பென்சில் குறிப்புகள் நிறைந்த நூலைக் கொடுப்பதில்லை. அப்படி ஒன்றைக் கொடுத்து இழந்திருக்கிறேன். நூலை மறுபடி வாங்க முடிந்தது, எட்டு வருடக் குறிப்பை எங்கே வாங்குவது? நம்பிக்கையானவர் என்றால், நீங்களும் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள் என்று சொல்லியே கொடுப்பேன். ஒரு நூல் ‘இல்லை, 96ஆம் பக்கத்தை மறுபடி படி’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. படித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

காலியாக விட்ட கட்டம்

உங்களுக்குப் பிறகு இந்த நூல்கள் என்ன ஆகும்? நூலகங்கள் எல்லா நன்கொடையையும் ஏற்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் நூல், பூஞ்சணம் பிடித்த நூல் இரண்டையும் திருப்பி அனுப்பும். ஒரே கேள்வியைச் சுற்றிச் சேர்ந்த, பட்டியலோடு கூடிய தொகுப்புக்கு வரவேற்பு அதிகம். உயிரோடு இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். குடும்பத்தினருக்கு விரிதாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் எடைக்குப் போய்விடும்.

தனித்தனி ஆட்களுக்குச் சேர வேண்டியவற்றுக்குத்தான் அந்த ‘யாருக்கு’ கட்டம். ஒவ்வொரு கூட்டம் முடிந்து வந்ததும் ஒன்றிரண்டை நிரப்புகிறேன். இதுவரை 31 நூல்களுக்குப் பெயர் விழுந்திருக்கிறது. ஷாஃபையும் காசனையும் மட்டும் பிரிக்கவில்லை, இரண்டும் 96ஆம் பக்கக்காரருக்கு.